பரிசோதனை முடிவை மடித்து வைத்துவிட வேண்டாம்

முப்பது வயதைக் கடந்த பெண்கள் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும் என்பதை மருத்துவர்களும் செவிலியர்களும் ஓயாமல் வலியுறுத்தி வருகிறார்கள். இம்முறை நாங்கள் பேச விரும்புவது, பரிசோதனைக்குப் பின் கையில் தரப்படும் அந்த ஒற்றைத் தாளைப் பற்றி. சேலம், நாமக்கல் வட்டாரத்து ஊர்களிலிருந்து வரும் பெண்களிடமும் அவர்களுடன் வரும் உறவினரிடமும் இருவேறு தவறான புரிதல்களைத் தொடர்ந்து காண்கிறோம். ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லைக் கண்டதும் புற்றுநோயே வந்துவிட்டது என்று எண்ணி, அச்சத்தால் மருத்துவமனைப் பக்கமே வராமல் இருந்துவிடுவது ஒன்று. ‘நெகட்டிவ்’ என்று கண்டதும், இனி வாழ்நாள் முழுவதும் கவலையில்லை என்று தாளை மடித்து வைத்துவிடுவது மற்றொன்று. இரண்டும் ஆபத்தானவை. முதலாவது, எளிதில் காக்கக்கூடிய ஓர் உயிரைக் கண்ணெதிரே நழுவவிடுகிறது.

பரிசோதனை என்பது ஒரே நாளில் முடிந்துவிடும் நிகழ்ச்சி அன்று என்பதே எங்கள் உறுதியான கருத்து. முடிவைப் புரிந்துகொள்வதும், தேவைப்பட்டால் மீண்டும் வருவதும், உரிய சிகிச்சையைப் பெறுவதும் சேர்ந்ததே பரிசோதனை. அந்த மறு வருகையின் சுமையை அப்பெண்ணின் தலையில் மட்டும் ஏற்றிவிடுவது நியாயமாகாது. குடும்பத்தினருக்கும், வேலை தருவோருக்கும், எங்களைப் போன்ற மருத்துவமனைகளுக்கும் அதில் பங்கு உண்டு.

பரிசோதனை எதைத் தேடுகிறது?

கருப்பையின் கீழ்முனையில், பிறப்புறுப்பை நோக்கித் திறக்கும் பகுதியே கருப்பைவாய். அங்கே தோன்றும் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணம் எச்.பி.வி. என்னும் வைரஸ். இந்தத் தொடர்பைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சூர் ஹாசனுக்கு 2008-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. இவ்வைரஸில் பல வகைகள் உண்டு. அவற்றுள் 16, 18 என எண்ணிடப்பட்ட இரண்டு வகைகளே உலகில் ஏற்படும் கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணம்.

வைரஸ் தொற்றியவுடன் புற்றுநோய் வந்துவிடுவதில்லை. பெரும்பாலான பெண்களின் உடல் ஓரிரு ஆண்டுகளில் தானாகவே அதை வெளியேற்றிவிடுகிறது. சிலரிடம் மட்டும் அது நீண்டகாலம் தங்கி, கருப்பைவாயின் மேற்பரப்பிலுள்ள செல்களை மெல்ல மெல்ல மாற்றுகிறது. இந்த நிலையை முன்மாற்றம் என்கிறோம். முன்மாற்றம் புற்றுநோயாக முதிர்வதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. எச்.ஐ.வி. போன்ற காரணங்களால் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களிடம் இது 5 முதல் 10 ஆண்டுகளுக்குள்ளும் நிகழலாம். இத்தனை ஆண்டுகளிலும் வலியோ வேறு அறிகுறியோ பெரும்பாலும் இருப்பதில்லை.

பரிசோதனை தேடுவது இந்த முன்மாற்றத்தை. ‘எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே, நான் எதற்கு வர வேண்டும்?’ என்று கேட்கும் பெண்களுக்கு எங்கள் விடை இதுதான்: தொந்தரவு இல்லாதபோது செய்வதற்காகவே இந்தப் பரிசோதனை இருக்கிறது.

மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, வி.ஐ.ஏ. எனப்படும் அமிலப் பரிசோதனை. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தோய்த்துக் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். மாறிய செல்கள் இருக்குமிடம் வெண்மையாகத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியரே இதைச் செய்யலாம். முடிவும் அங்கேயே தெரிந்துவிடும். இரண்டாவது, பாப் பரிசோதனை. கருப்பைவாயிலிருந்து மென்மையாகச் சுரண்டி எடுத்த செல்களை நுண்ணோக்கியில் ஆராய்வார்கள். மூன்றாவது, எச்.பி.வி. பரிசோதனை. செல்கள் மாறியுள்ளனவா என்று பாராமல், மாற்றக்கூடிய வைரஸ் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்ப்பது இது. இதற்கான மாதிரியைத் தகுந்த விளக்கத்துடன் பெண்ணே தனியறையில் எடுத்துக்கொள்ளவும் இயலும். இம்மூன்றும் சில நிமிடங்களில் முடிபவை. மயக்க மருந்தோ ஊசியோ தையலோ எதற்கும் தேவையில்லை.

திண்டுக்கல் காட்டிய வழி

இப்பரிசோதனையால் உண்மையில் உயிர்கள் காக்கப்படுகின்றனவா என்று ஐயுறுவோருக்கு வெளிநாட்டுச் சான்று தேட வேண்டியதில்லை. நம் மாவட்டங்களுக்குத் தெற்கே, கரூரைத் தாண்டினால் திண்டுக்கல். அந்த மாவட்டத்துக் கிராமங்களில் 2000-ஆம் ஆண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும், ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் இயங்கும் கிறித்தவ மருத்துவமனை ஒன்றும், பிரான்ஸ் நாட்டு லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து அதை நடத்தின. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் ஒரு பிரிவினருக்கு வி.ஐ.ஏ. பரிசோதனை அளிக்கப்பட்டது, மற்றொரு பிரிவினருக்கு வழக்கமான மருத்துவ வசதிகள் தொடர்ந்தன.

அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் 31,343 பேர் வந்து பரிசோதித்துக்கொண்டனர். அவர்களுள் 3,088 பேருக்கு, அதாவது பத்தில் ஒருவருக்கு, முடிவு பாசிட்டிவ் என்று வந்தது. இவர்களில் 3,052 பேர் அடுத்த கட்டமான கால்போஸ்கோப்பிப் பரிசோதனைக்கு உட்பட்டனர். 1,874 பேருக்கு முன்மாற்றம் இருப்பது தெரிந்து, அவர்களில் 72 விழுக்காட்டினர் சிகிச்சை பெற்றனர். 2007-இல் வெளியான முடிவுகளின்படி, பரிசோதனை அளிக்கப்பட்ட பிரிவில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும், அதனால் நேர்ந்த மரணம் 35 விழுக்காடும் குறைந்திருந்தன. அமிலமும் பஞ்சும் நல்ல விளக்கொளியும் பயிற்சி பெற்ற செவிலியரும் கொண்டே இது சாதிக்கப்பட்டது.

இந்த எண்களில் எங்கள் கவனத்தை மிகவும் ஈர்ப்பது எது தெரியுமா? பாசிட்டிவ் என்று அறிந்த 3,088 பேரில் 36 பேர் தவிர அனைவரும் அடுத்த கட்டத்தைக் கடந்தார்கள் என்பதே. பரிசோதனை, கால்போஸ்கோப்பி, திசு எடுத்தல், உறையவைக்கும் சிகிச்சை ஆகியவற்றை இயன்றவரை ஒரே வருகையில் முடித்துத் தரும்படி அங்கே ஏற்பாடு இருந்தது. நாளை வருகிறேன் என்று சொல்லிப் போனவர் வராமற்போகும் இடைவெளியை அந்த ஏற்பாடு அடைத்துவிட்டது. பரிசோதித்ததால் மட்டும் அந்த உயிர்கள் பிழைக்கவில்லை. முடிவுக்குப் பின் செய்ய வேண்டியதைச் செய்ததால் பிழைத்தன.

அதன்பின் 2007-இல் தமிழ்நாடு அரசு தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் இப்பரிசோதனையை முன்னோட்டமாகத் தொடங்கிப் பின்னர் பிற மாவட்டங்களுக்கும் விரிவுபடுத்தியது. இன்று அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் கட்டணமின்றி இதைச் செய்துகொள்ளலாம். ஆயினும் 2019–21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஒருமுறையேனும் பரிசோதித்துக்கொண்டவர்கள் 9.8 விழுக்காட்டினரே. நாடு முழுவதற்குமான அளவு 1.9 விழுக்காடு என்பதால் நாம் முன்னணியில் இருப்பதாகத் தோன்றலாம். பத்தில் ஒன்பது பேர் இன்னும் வெளியே நிற்கிறார்கள் என்பதே அதன் உண்மைப் பொருள்.

தாளில் உள்ள சொற்கள் சொல்வது என்ன?

வி.ஐ.ஏ. பாசிட்டிவ் என்றால், கருப்பைவாயில் வெண்மையான பகுதி தெரிந்தது என்று பொருள். சாதாரண அழற்சியோ கிருமித்தொற்றோ இருந்தாலும் சில வேளைகளில் இவ்வாறு தெரியும். திண்டுக்கல்லில் பாசிட்டிவ் என்று வந்த பத்துப் பேரில் ஏறத்தாழ ஆறு பேருக்கே முன்மாற்றம் இருந்தது என்பதை நினைவிற்கொள்க. ஆகவே இது நோயின் தீர்ப்பு அன்று. இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும் என்னும் அழைப்பு.

பாப் பரிசோதனைத் தாளில் சில ஆங்கிலச் சுருக்கங்கள் இருக்கும். என்.ஐ.எல்.எம். என்றிருந்தால் ஐயத்திற்குரிய செல்கள் எவையும் காணப்படவில்லை என்று பொருள். ஏ.எஸ்.சி.-யு.எஸ். என்றால், செல்கள் சற்றே வேறுபட்டுள்ளன, காரணம் தெளிவில்லை என்பது. எல்.எஸ்.ஐ.எல். என்பது லேசான மாற்றம். பெரும்பாலும் தானே சரியாகிவிடும், ஆயினும் கண்காணிக்க வேண்டும். எச்.எஸ்.ஐ.எல். என்பது தீவிரமான முன்மாற்றம் இருக்கக்கூடும் என்னும் எச்சரிக்கை. இதற்குக் கால்போஸ்கோப்பி காலந்தாழ்த்தாமல் தேவை. ‘மாதிரி போதவில்லை’ என்று வந்தால் நோய் இருக்கிறது என்றும் பொருளில்லை, இல்லை என்றும் பொருளில்லை. மறுபடி மாதிரி எடுக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

எச்.பி.வி. பாசிட்டிவ் என்றால் வைரஸ் இருக்கிறது என்று மட்டுமே பொருள். 16 அல்லது 18-ஆம் வகையாயின் நேரே கால்போஸ்கோப்பிக்கு அனுப்புவது வழக்கம். பிற வகைகளாயின் பாப் அல்லது வி.ஐ.ஏ. செய்து பார்த்து, மாற்றம் எதுவும் இல்லையெனில் மருத்துவர் குறிப்பிடும் காலத்தில் மீண்டும் சோதிப்பார்கள்.

நெகட்டிவ் என்பது இன்றைய நிலவரம். எத்தனை ஆண்டுகளுக்கு அதை நம்பலாம் என்பது பரிசோதனையின் வகையைப் பொறுத்தது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாக்கியது. எச்.பி.வி. நெகட்டிவ் என்று வந்த பெண்களில் பின்னர் புற்றுநோய் கண்டவர்கள் ஆண்டுக்கு லட்சத்தில் 3.7 பேர், வி.ஐ.ஏ. நெகட்டிவ் என்று வந்தவர்களில் 16 பேர். ஒரே ஒரு முறை செய்த எச்.பி.வி. பரிசோதனை அங்கே இந்நோயால் நேரும் மரணத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. எனவேதான் எச்.பி.வி. பரிசோதனையை 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், மற்ற இரண்டையும் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வழிகாட்டியது. 30 முதல் 65 வயது வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை வி.ஐ.ஏ. என்பது இந்திய அரசுத் திட்டத்தின் ஏற்பாடு. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு மாற்றம் தோன்றும் பகுதி உள்ளே ஒடுங்கிவிடுவதால் வி.ஐ.ஏ.வில் தெளிவாகத் தெரியாமற்போகலாம். அவர்களுக்கு மற்ற இரண்டில் ஒன்று பொருந்தும்.

இந்த வைரஸ் ஒழுக்கத்தின் அளவுகோல் அன்று

எச்.பி.வி. உடலுறவின் வழியாகப் பரவுவது. இதைச் சொன்னவுடன் வீட்டில் வினாக்கள் எழுகின்றன. ‘யாரிடமிருந்து வந்தது?’ என்ற ஒரு வினா, தாளைக் கிழித்தெறியவும் மறு வருகையை நிறுத்திவிடவும் போதுமானதாகிவிடுகிறது. கணவன்மார்க்கும் மாமியார்க்கும் தெளிவாகச் சொல்ல விரும்புகிறோம்: மணவாழ்வு வாழும் ஆண், பெண் இருபாலரிலும் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் எப்போதாவது இவ்வைரஸைப் பெற்றிருப்பார்கள். இன்று தெரியவரும் தொற்று பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வந்ததாகவும் இருக்கலாம். எப்போது வந்தது, எவரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல இயலாது. எனவே இந்தத் தாளைக் கொண்டு எவருடைய நடத்தையையும் எடைபோட முடியாது. எடைபோடுவது அறமும் ஆகாது.

தள்ளிப்போடுவதன் விலை

மறு வருகை ஏன் தள்ளிப்போகிறது என்பதை நாங்கள் அறியாமலில்லை. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறியில் நிற்கும் பெண்ணுக்கு ஒரு நாள் விடுப்பு என்பது ஒரு நாள் கூலி. கோழிப்பண்ணையில் முட்டை எடுப்பவருக்கு ஞாயிறும் வேலைநாளே. சேலத்தில் வீட்டிலிருந்தே கொலுசு வேலை செய்பவருக்கு ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டேயிருக்கும். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ரிக் வண்டியில் வடமாநிலம் சென்ற கணவர் மாதக்கணக்கில் திரும்பமாட்டார். ‘அவர் வரட்டும்’ என்று காத்திருப்பார்கள். மரவள்ளி அறுவடை முடியட்டும், ஆடிப் பண்டிகை கழியட்டும், பிள்ளையின் தேர்வு முடியட்டும் என்று நாள்கள் நகர்ந்து ஆண்டுகளாகும்.

முன்மாற்றம் மெல்ல வளர்வது என்பதால் ஓரிரு வாரத் தாமதத்தால் பெருந்தீங்கு நேராது. அஞ்சி ஓட வேண்டிய அவசரம் இல்லை என்பதும் உண்மை. ஆனால் தீவிர முன்மாற்றத்தை ஆண்டுக்கணக்கில் கவனியாமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு ஒரு கசப்பான சான்று உலகில் உண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரிலிருந்த பெண்கள் மருத்துவமனை ஒன்றில் சில பத்தாண்டுகளுக்கு முன், இத்தகைய பெண்கள் பலருக்கு முழுமையான சிகிச்சை தராமல் வெறுமனே கண்காணித்துவந்தனர். பின்னாளில் அது பெருங்கண்டனத்துக்குள்ளாகி, 1987-இல் விசாரணையும் அமைக்கப்பட்டது. அவ்வாறு விடப்பட்ட பெண்களில் 30 ஆண்டுகளுக்குள் புற்றுநோய்க்கு ஆளானவர்கள் 31 விழுக்காட்டினர். அதே மருத்துவமனையில் போதிய சிகிச்சை பெற்றவர்களில் அது 0.7 விழுக்காடு மட்டுமே. சிகிச்சை பெறுவதற்கும் பெறாததற்கும் உள்ள வேறுபாடு இவ்வளவு பெரியது.

அந்தச் சிகிச்சையோ மிக எளியது. உறையவைக்கும் கிரையோ முறையோ, சுட்டு நீக்கும் வெப்ப முறையோ பெரும்பாலும் கால் மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். அன்றே வீடு திரும்பலாம். சில வாரங்கள் நீர்போல வெளிப்படும். ஒரு மாதம் உடலுறவைத் தவிர்க்க வேண்டும். மாற்றம் பெரிதாகவோ உட்புறமாகவோ இருந்தால் மின்கம்பி வளையத்தால் அப்பகுதியை மட்டும் நீக்குவார்கள். ஓராண்டு கழித்து மறுபரிசோதனை உண்டு. முன்மாற்றம் என்றதும் கருப்பையையே எடுத்துவிட வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலான பெண்களுக்கு அது தேவையே இல்லை. எவரேனும் அவ்வாறு கூறினால் திசுப் பரிசோதனையின் முடிவைக் கேட்டுப் பெற்று, மற்றொரு மருத்துவரின் கருத்தையும் அறிந்து முடிவு செய்வது நல்லது. கருப்பையை முன்பே எடுத்தவர்கள், கருப்பைவாயும் நீக்கப்பட்டதா என்பதைத் தம் அறுவை சிகிச்சைக் குறிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். கருப்பைவாய் இருக்குமாயின் பரிசோதனையும் தேவை.

மாற வேண்டியவை

இந்தியாவில் 2022-இல் மட்டும் ஏறத்தாழ 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்கள் புதிதாக இந்நோய்க்கு ஆளானதாகவும், 80 ஆயிரம் பேர் இறந்ததாகவும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டுள்ளது. 2030-க்குள் 15 வயதுக்குட்பட்ட சிறுமியரில் 90 விழுக்காட்டினர்க்குத் தடுப்பூசி, 35 வயதிலும் 45 வயதிலும் 70 விழுக்காட்டுப் பெண்களுக்குப் பரிசோதனை, நோய் கண்டவர்களில் 90 விழுக்காட்டினர்க்குச் சிகிச்சை என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த இலக்கு. முதல் இரண்டைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசுகிறோம். மூன்றாவதைப் பற்றிய பேச்சு குறைவு. அது கைகூட மூவர் தம் பங்கை ஆற்ற வேண்டும் என்று கருதுகிறோம்.

முதலில் நாங்கள். ஒரு தாளை மடித்துக் கையில் கொடுப்பதோடு மருத்துவமனையின் கடமை முடிந்துவிடாது. முடிவை நல்ல தமிழில், தனியே அமர்த்தி, அப்பெண்ணிடமே விளக்க வேண்டும். அடுத்து எங்கே, எப்போது வர வேண்டும் என்பதை எழுதித் தர வேண்டும். இயன்றபோதெல்லாம் பரிசோதனையையும் சிகிச்சையையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும். வராதவரைத் தேடி அழைக்கவும் வேண்டும். இவற்றை எங்களிடம் உரிமையோடு கேளுங்கள்.

அடுத்து, வேலை தருவோர். தறிப் பட்டறையோ பண்ணையோ ஆலையோ, ஐந்தாண்டுக்கு ஒரு நாளும், முடிவு வேறுவிதமாக வந்தால் மேலும் ஓரிரு நாள்களும் கூலியோடு விடுப்புத் தருவது பெரிய இழப்பாகாது.

மூன்றாவதாகக் குடும்பத்தினர். அம்மாவுக்கோ மனைவிக்கோ மருமகளுக்கோ பாசிட்டிவ் என்று வந்தால், முதல் வேலையாக மறு வருகைக்கு ஒரு நாளைக் குறியுங்கள்; உடன் வாருங்கள். ஊரில் இல்லாத கணவர், தாம் திரும்பும் வரை காத்திருக்கச் சொல்லாமல், தொலைபேசியிலேயே ‘நீ போய்ப் பார்’ என்று சொன்னால் போதும். அந்த ஒரு சொல்லால் எத்தனையோ தயக்கங்கள் நீங்கும். புற்றுநோயே கண்டறியப்பட்டாலும், தொடக்க நிலையில் அது பெரிதும் குணப்படுத்தக்கூடியது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கான சிகிச்சைக்கு உதவியும் உண்டு.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. உடலுறவுக்குப் பின் இரத்தம் படுதல், மாதவிலக்குகளுக்கு இடையே இரத்தப்போக்கு, மாதவிலக்கு நின்று ஓராண்டுக்குப் பின் மீண்டும் இரத்தம் காணுதல், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் ஆகியவை இருந்தால், முந்தைய முடிவு நெகட்டிவ் என்றிருந்தாலும் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே மருத்துவரைக் காணுங்கள்.

இன்று மாலை வீட்டிலுள்ள மருத்துவக் கோப்பை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பரிசோதனை முடிவு அதில் இருக்குமாயின், செய்த தேதியையும் பரிசோதனையின் வகையையும் படியுங்கள். அடுத்து வர வேண்டிய நாள் கடந்திருந்தாலோ, புரியாத சொல் இருந்தாலோ, அந்தத் தாளோடு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ எங்களிடமோ வாருங்கள். அப்படி ஒரு தாளே இல்லையென்றால், முதல் பரிசோதனைக்கு வாருங்கள்.